பட்டா உள்ளவருக்கு விலை உண்டு, உழுதவருக்கு?
நில எடுப்பு: வாசகர் கேள்வி–பதில்

தொழிற்பேட்டை, சாலை, விமான நிலையம் என்று வளர்ச்சிக்காக நிலம் எடுக்கும்போது யாருக்கு என்ன கிடைக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் நிலச் சட்டக் குழு பதில் தருகிறது.

எங்கள் ஊரில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க நோட்டீஸ் வந்திருக்கிறது. 2013 சட்டப்படி முதலில் கிராமத்தில் ஆய்வு நடத்த வேண்டும், 80 சதவீதம் பேரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறார்கள். இங்கே இரண்டும் நடக்கவில்லை. அப்படியானால் நோட்டீஸ் செல்லாதா?
– விவசாயி, செய்யாறு வட்டம்

நோட்டீஸ் எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் கேள்விக்கான பாதி பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

2013-ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு உண்டு. தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் 80 சதவீதமும், அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு எடுத்தால் 70 சதவீதமும் சம்மதம் வேண்டும். அரசு தன் சொந்தத் தேவைக்கு எடுத்தால் சம்மதம் தேவையில்லை. இந்தச் சம்மதக் கணக்கில் நில உரிமையாளர்களும் அரசிடம் ஒப்படைப்பு நிலம் பெற்றவர்களும்தான் வருவார்கள். குத்தகைக்கு உழுபவரையோ கூலி வேலைக்குப் போகிறவரையோ யாரும் கேட்கப் போவதில்லை.

தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்குப் பெரும்பாலும் மாநிலத்தின் 1997-ஆம் ஆண்டு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம்தான் பயன்படுகிறது. இதையும், 2001 நெடுஞ்சாலைச் சட்டத்தையும், 1978 ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தையும் மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்க 105-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் இந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. அதே ஆண்டு மாநில அரசு ஒரு மீட்புச் சட்டம் கொண்டுவந்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. ஆகவே 1997 சட்டப்படி வந்த நோட்டீஸ், ஆய்வும் சம்மதமும் இல்லை என்பதற்காகச் செல்லாமல் போகாது. இழப்பீட்டு அட்டவணையும் மறுவாழ்வு அட்டவணைகளும் மட்டுமே மத்தியச் சட்டத்திலிருந்து இங்கே வரும்.

உங்களுக்கு உள்ள வாய்ப்பு, ஆட்சேபணை உண்டா என்று கேட்டு 1997 சட்டத்தின் 3(2) பிரிவுப்படி வரும் நோட்டீஸுக்குத் தரும் பதில்தான். அதில் குறித்த தேதிக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். 'நிலம் தர மாட்டோம்' என்று ஒரே வரியில் கூட்டு மனு கொடுப்பதால் பயனில்லை. சர்வே எண் வாரியாக, பாசன ஆதாரம், வருடத்துக்கு எத்தனை போகம், அருகில் மாற்றாக எந்தத் தரிசு நிலம் இருக்கிறது என்று எழுதுங்கள். பிறகு நீதிமன்றம் போனாலும் இந்தத் தாளைத்தான் கேட்பார்கள். நிலத்தை எடுப்பதாகச் சொல்லும் 3(1) அறிவிக்கை அரசிதழில் வெளியான அன்றே நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் அரசுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு பேச முடிவது தொகையைப் பற்றி மட்டும்தான்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் சட்டம் வேறு. அங்கே ஆட்சேபணைக்கு 21 நாள்தான் அவகாசம்.

எங்கள் பக்கம் சென்ட் 40 ஆயிரத்துக்குப் போகிறது. தீர்வத்தில் (இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவில்) 20 ஆயிரம் என்று போட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது?
– வாசகர், வந்தவாசி

2013 சட்டத்தின் பிரிவு 26-லிருந்து வருகிறது. சார்பதிவாளர் அலுவலக வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் அதே வகை நிலத்தின் சராசரி விற்பனை விலை, சம்மதத்தின் பேரில் ஒப்புக்கொண்ட தொகை ஆகிய மூன்றில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு.

சராசரி விலைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் கிரயப் பத்திரங்களை எடுத்து, அவற்றில் விலை கூடிய பாதியை மட்டும் சராசரி பார்க்க வேண்டும். பத்துப் பத்திரங்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்ட் விலை முறையே 9, 10, 11, 12, 12, 14, 16, 20, 22, 28 ஆயிரம். பத்தையும் சேர்த்தால் சராசரி 15,400. மேல் பாதியான ஐந்துக்கு மட்டும் பார்த்தால் 20,000. பத்தையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதிக விலைப் பத்திரங்களை 'வீட்டுமனை' என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் பாதியை எடுப்பது இன்னொன்று. சில சமயம் அது நியாயம்தான், மூன்று சென்ட் மனையின் விலையை இரண்டு ஏக்கர் புன்செய்க்குக் கேட்க முடியாது. ஆனால் எந்தப் பத்திரத்தை ஏன் ஒதுக்கினார்கள் என்பது பதிவில் இருக்க வேண்டும். தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் விற்பனைப் புள்ளிவிவரப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இனி முழுத் தொகை. ஒரு ஏக்கர், சென்ட் 20,000 என்றால் 20 லட்சம். கிராமப்புற நிலத்துக்கு 1 முதல் 2 வரை ஒரு பெருக்குக் காரணி உண்டு, அதை மாநில அரசு நிர்ணயிக்கும். 1.25 என்று கொண்டால் 25 லட்சம். கிணறு, போர்வெல், தென்னை எல்லாம் சேர்த்து 2 லட்சம் என்றால் 27 லட்சம். இதன் மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை சேர்ந்து 54 லட்சம். பிறகு சந்தை மதிப்பான 20 லட்சத்துக்கு, தொடக்க அறிவிப்பிலிருந்து தீர்வ நாள் வரை ஆண்டுக்கு 12 சதவீதம். ஒன்றரை ஆண்டு என்றால் 3.6 லட்சம். மொத்தம் 57.6 லட்சம். 1894 சட்டத்தில் ஆறுதல் தொகை 15 சதவீதமாக இருந்து, 1984-ல் 30 ஆனது, 2013-ல்தான் 100 ஆனது. உங்கள் தீர்வத்தில் இந்த வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் தொகை குறைகிறது என்றால், காரணம் பத்திரங்களிலேயே இருக்கிறது. 40 ஆயிரத்துக்கு வாங்கி, முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த 20 ஆயிரம் என்று எழுதிய ஊரில் சட்டம் 20-ஐத்தான் பார்க்கும். வாங்கியவருக்குச் சில ஆயிரம் மிச்சமானது, ஊரே லட்சக்கணக்கில் இழக்கிறது. 2017 ஜூனில் தமிழ்நாடு முழுவதும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது மனை வாங்குவோர் மகிழ்ந்தார்கள். நிலம் எடுப்புக்குப் போகவிருந்தவர்களின் அடித்தொகையும் அன்றே இறங்கியது என்பதைப் பற்றி அப்போது யாரும் அதிகம் பேசவில்லை.

தொகை குறைவு என்று தெரிந்தும், பணத் தேவைக்காக வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகி, ஓசூர்

வாங்கிக்கொள்ளலாம். ரசீதிலும் தனிக் கடிதத்திலும் 'ஆட்சேபணையுடன் பெறுகிறேன்' என்று எழுதியே வாங்குங்கள். எழுதாமல் வாங்கினால் 2013 சட்டத்தின் பிரிவு 64-ன் கீழ் கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடும். தீர்வத்தின்போது நேரில் இருந்தவர் அன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஆட்சியருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்சியர் 30 நாளில் அதை நில எடுப்புத் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும்.

அப்போது விண்ணப்பிக்காமல் விட்டவருக்கும் இன்னொரு கதவு உண்டு. அதே அறிவிக்கையில் நிலம் இழந்த பக்கத்துக்காரருக்கு ஆணையம் தொகையை உயர்த்தினால், அந்த உத்தரவிலிருந்து மூன்று மாதத்துக்குள் நீங்களும் ஆட்சியரிடம் அதே வீதம் கேட்கலாம் (பிரிவு 73). 1997 சட்டத்தில் பேச்சுவார்த்தை விலைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவருக்கு இந்தக் கதவுகள் திறக்காது. பேச்சுவார்த்தையில் பணம் சீக்கிரம் வரும் என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுப் பார்த்து, அதைவிடக் கூடுதலாக வந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் தெருவில் ஒருவருக்கும் சொந்த நிலம் கிடையாது. சிலர் வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுகிறோம், மற்றவர்கள் நடவு, களை, அறுப்புக்குப் போகிறோம். நிலக்காரர்களுக்குப் பணம் வந்துவிட்டது. எங்களுக்குச் சட்டத்தில் ஏதாவது உண்டா?
– விவசாயக் கூலித் தொழிலாளர்கள், காஞ்சிபுரம் மாவட்டம்

உண்டு. நிலத்துக்கு ஒரு கணக்கு, வாழ்வாதாரத்துக்கு இன்னொரு கணக்கு என்று சட்டம் இரண்டு வைத்திருக்கிறது. முதல் கணக்கை அலுவலர்களே போடுவார்கள், இரண்டாவதைக் கேட்டால்தான் போடுவார்கள்.

நிலம் இல்லாவிட்டாலும், நில எடுப்புக்கு முன் மூன்று ஆண்டுகளாக அந்தப் பகுதியில் கூலிக்கோ வாரத்துக்கோ குத்தகைக்கோ உழைத்து, அதுவே முதன்மை வருமானமாக இருந்து அது பாதிக்கப்பட்டிருந்தால், நீங்கள் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' (பிரிவு 3(சி)). கைவினைஞர்களும் இதில் வருவார்கள். இரண்டாம் அட்டவணைப்படி குடும்பத்துக்கு மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பு தர வேண்டும்: திட்டத்தில் வேலை உருவாகும் இடத்தில் ஒருவருக்குப் பயிற்சியுடன் வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் குறைந்தது 2,000 ரூபாய், விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப உயர்த்தி. எண்கள் 2013-ல் எழுதியவை. இன்றைய விலைவாசிக்குப் போதாது என்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும்.

வீடும் போகிறது என்றால் நீங்கள் 'இடம்பெயரும் குடும்பம்'. அப்போது மாற்று வீடு, ஓராண்டுக்கு மாதம் 3,000, போக்குவரத்துக்கு 50,000 ஆகியவையும் சேரும். மறுகுடியமர்வுத் தொகையான 50,000 பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொன்றுக்கும் உண்டு. மாட்டுக் கொட்டகையோ பெட்டிக்கடையோ இருந்தால் குறைந்தது 25,000. பாதிக்கப்பட்டவர், இடம்பெயர்பவர் என்ற இந்த இரண்டையும் குழப்பி, 'வீடு போகவில்லையே, உங்களுக்கு ஒன்றும் கிடையாது' என்று பதில் சொல்லி அனுப்புவது உண்டு. வேலை, 5 லட்சம், மாதத் தொகை ஆகிய மூன்றுக்கும் வீடு போக வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் ஆதாரம். 1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தவர்கள் மிகக் குறைவு, பேச்சு வாரத்துக்குத் தாள் கிடையாது. ஆகவே சிறு தாள்களைச் சேருங்கள். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால் அதுதான் முதலில். அதில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் என்றே இருக்கும். கிராமச் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் ரசீது, நெல் கொள்முதல் நிலையச் சீட்டு, பயிர்க் காப்பீட்டுப் பிரீமிய ரசீது எல்லாம் உதவும். வேறெதுவும் இல்லாதவர்களுக்குக் கிராம சபைத் தீர்மானம்: குடும்பத் தலைவர் பெயர், யார் நிலத்தில், எந்த ஆண்டு முதல், என்ன வேலை என்று பட்டியலாக எழுதி நிறைவேற்றுங்கள். மறுவாழ்வுக் கணக்கெடுப்பு நடக்கும்போது (2013 சட்டத்தின் பிரிவு 16) உங்கள் தெருவை விட்டுவிடுவார்கள். வரைவுத் திட்டத்தை ஊரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தில் விடுபட்ட பெயர்களை எழுத்தில் கொடுங்கள்.

செலவு தாங்காது என்று சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். முந்தைய பதிலில் வந்த 57.6 லட்சம் வீதத்தில் 500 ஏக்கருக்கு 288 கோடி. நிலமற்ற 200 குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் என்றால் 10 கோடி. நில விலையில் மூன்றரை சதவீதம்கூட வரவில்லை.

இவ்வளவு நிபந்தனை போட்டால் தொழிற்சாலை பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடாதா? முதலில் வேலைவாய்ப்பு வரட்டும், பங்கீட்டைப் பிறகு பார்க்கலாம் என்பதில் என்ன தவறு?
– வாசகர், கோயம்புத்தூர்

போகும் என்பதற்கு உதாரணம் மேற்கு வங்கத்தின் சிங்கூர். ஏன் போனது என்று பார்த்தால் உங்கள் வாதம் திரும்பிவிடுகிறது.

2006-ல் டாட்டாவின் நானோ கார் ஆலைக்கு அங்கே 997 ஏக்கர் எடுத்தார்கள். வாரத்துக்கு உழும் பர்காதார்களில் பதிவு பெற்றவர்களுக்கு நில விலையில் 25 சதவீதம் என்றார்கள். பதிவில்லாத பர்காதார்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் ஒன்றுமில்லை. பழைய பதிவேட்டில் ஒருபோகம் என்று கிடந்த பல வயல்கள் உண்மையில் பாசனம் பெற்ற பலபோக நிலங்கள். அவற்றுக்கும் ஒருபோக விலைதான் போட்டார்கள். பணம் தரவில்லை என்பதல்ல அங்கே பிரச்சினை. பதிவேடு சொன்னதற்குப் பணம் தந்தார்கள், வயலில் இருந்ததற்குத் தரவில்லை. போராட்டம் முற்றி 2008 அக்டோபரில் ஆலை குஜராத்தின் சானந்துக்குப் போனது. 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் நில எடுப்பையே ரத்து செய்து நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னது. பத்து ஆண்டு கழித்துத் திரும்பிய நிலத்தில் கான்கிரீட் அடித்தளமும் சரளையும் கிடந்தன. ஆலையும் இல்லை, உடனே உழவும் முடியவில்லை.

ஆகவே 'பிறகு பார்க்கலாம்' என்பது மலிவான வழி அல்ல. தாமதம் முதலீட்டாளரை விரட்டும் என்பதை ஏற்கிறோம். 2013 சட்டத்தின் நடைமுறை நீளம் என்ற புகாரிலும் உண்மை இருக்கிறது. அதைத் தளர்த்த 2014 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் மூன்று முறை பிறப்பிக்கப்பட்டு 2015 ஆகஸ்டில் காலாவதியானது. பிறகு குஜராத், தெலங்கானா போன்ற மாநிலங்கள் தமிழ்நாட்டைப் போலவே தனித் திருத்தம் செய்துகொண்டன. ஆய்வைச் சுருக்கலாம். ஆனால் யாருக்கு என்ன பாதிப்பு என்று எண்ணிப் பார்ப்பதையே விட்டுவிட்டால், சிங்கூரில் நடந்ததுபோல் அந்தக் கணக்கு பின்னால் தெருவுக்கு வரும்.

பணத்துக்குப் பதில் திட்டத்திலேயே பங்கு கேட்டால் என்ன?
– வாசகர், திருவள்ளூர்

கேட்கலாம், நடந்தும் இருக்கிறது. புனே அருகே மகர்பட்டாவில் விவசாயக் குடும்பங்கள் தங்கள் 400 ஏக்கர் அளவு நிலத்தைச் சேர்த்து, தாங்களே நிறுவனம் தொடங்கி, நில அளவுக்கேற்பப் பங்குதாரர்களாகி நகரமே கட்டினார்கள்.

ஆந்திரத்தின் புதிய தலைநகராகத் திட்டமிட்ட அமராவதியில் 2015 முதல் சுமார் 33,000 ஏக்கர் நிலத்திரட்டு முறையில் சேர்ந்தது. ஏக்கருக்கு 1,000 சதுர கஜம் குடியிருப்பு மனையும், நிலத்தின் வகைக்கேற்ப 250 அல்லது 450 சதுர கஜம் வணிக மனையும் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் புன்செய்க்கு 30,000, பலபோக ஜரீபு நிலத்துக்கு 50,000 ரூபாய். நிலமற்ற குடும்பங்களுக்கு மாதம் 2,500 ஓய்வூதியம் வைத்ததுதான் இதில் எங்களுக்குப் பிடித்த அம்சம். ஆனால் 2019-ல் ஆட்சி மாறியது, மூன்று தலைநகர் என்றார்கள், கட்டுமானம் நின்றது. நிலம் கொடுத்தவர் கையில் இருந்தது, சாலை இல்லாத மனைக்கான ஒரு தாள். 2024-ல்தான் மீண்டும் பணி தொடங்கியது. பங்கு வாங்கினால் இலாபத்தோடு ஆபத்தும் உங்கள் பங்குக்கு வரும். இரண்டு ஏக்கருக்குக் கீழ் வைத்திருப்பவர்களுக்கு முழுப் பங்கை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பாதி ரொக்கம், பாதி மனை என்று கேட்பது நல்லது.

அப்பா இறந்தபின் பட்டா அண்ணன்கள் பெயருக்கு மாறிவிட்டது. இழப்பீடு அவர்கள் கணக்கில் வரப்போகிறது. எனக்குப் பங்கு உண்டா?
– வாசகி, செங்கல்பட்டு

அப்பாவின் சொந்தச் சொத்து, உயில் எழுதவில்லை என்றால் பிள்ளைகள் அனைவருக்கும், அம்மா இருந்தால் அவருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தத்துக்குப் பின் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதைக் கலைக்க முடியாது.

தீர்வத்துக்கு முன் நடக்கும் விசாரணையில் வாரிசுச் சான்றுடன் எழுத்தில் உரிமை கோருங்கள். தகராறு பதிவாகிவிட்டால் தொகை யார் கணக்குக்கும் போகாமல் ஆணையத்தில் வைப்பாக நிற்கும். வங்கிக் கணக்குக்குப் போன பிறகு வழக்குப் போட்டு மீட்பது பல ஆண்டு வேலை.

தாத்தாவுக்கு அரசு கொடுத்த பஞ்சமி நிலம் இப்போது வேறொருவர் பெயரில் பட்டாவாக இருக்கிறது. நில எடுப்புப் பணமும் அவருக்கே போகுமா?
– வாசகர், மதுராந்தகம்

நீங்கள் சும்மா இருந்தால் போகும். முதல் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக்கூடாது, பிறகும் பட்டியல் சாதியினருக்குத்தான் விற்கலாம் என்பது அந்த ஒப்படைப்பின் நிபந்தனை. மீறிய கிரயம் செல்லாது. 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூடிஆர் நில அளவையின்போது பல ஊர்களில் அந்தக் குறிப்பு பதிவேட்டிலிருந்தே காணாமல் போனது. அதனால் இன்றைய பட்டாவைப் பார்த்துப் பயனில்லை. யூடிஆருக்கு முந்தைய ஏ-பதிவேட்டின் (கிராம நிலப் பதிவேடு) சான்றிட்ட நகலை எடுங்கள். அதை இணைத்து, தீர்வம் வரும் முன் ஆட்சியரிடமும் நில எடுப்பு அலுவலரிடமும் தனித்தனியே மனு கொடுங்கள்.

இழப்பீட்டுத் தொகைக்கு வருமான வரி உண்டா?
– வாசகர், தூத்துக்குடி

2013 சட்டப்படி வந்த தீர்வத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இல்லை (பிரிவு 96). மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016-ல் 36-ஆம் எண் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. தனியார் நிறுவனம் உங்களிடம் நேரடியாகப் பேசி வாங்கினால் இந்த விலக்கு பொருந்தாது. தெரியாமல் டிடிஎஸ் பிடித்திருந்தால், அந்த ஆண்டுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்து, விலக்கு பெற்ற வருமானம் என்று காட்டித் திரும்பப் பெறலாம். தீர்வ உத்தரவின் நகலை வைத்திருங்கள்.